ரொக்கெட் காசு வீணா? முதல்ல உங்கட வயல் வட்டைய மேல இருந்து பாருங்க

ஏழை நாட்டுக்கு என்னத்துக்கு விண்வெளி எண்டு கேக்க முந்தி இதச் செஞ்சு பாருங்க. போன்ல செய்மதிப் படம் பாக்கிற கோப்பர்னிக்கஸ் பிரவுசர் எண்ட இணையத்தளத்தத் தொறந்து, மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துப் பக்கம் பெருப்பிச்சு சென்டினல்-2 செய்மதி எடுத்த படத்த எடுங்க, ஒரு சதமும் செலவில்ல, 10 மீட்டருக்கு ஒரு புள்ளி எண்டதால வரம்பு தெரியாது ஆனா வட்டை வடிவாத் தெரியும். பயிர்ப் பச்சைய அளந்து காட்டுற என்டிவிஐய அமத்தினா பயிர் செழிச்ச இடம் கடும் பச்சை, வெளிறின இடத்துக்கு நேர போய்ப் பாருங்க, தண்ணி ஏறல்லயா பூச்சியா எண்டு படம் சொல்லாது.

இந்தச் செய்மதி ஐரோப்பாக்காரன் அனுப்பினது. நம்மட இலங்கைச் செய்மதி ராவணா-1 2019ல போனது, கிட்டத்தட்ட ஒரு கிலோ சாமான். என்னக் கேட்டா ரொக்கெட் இப்ப வேணாம், இந்தப் படத்த வாசிக்க ஆக்களப் பழக்கக் காசு போடட்டும்.

மாரியில முகில் மறைச்சிரும், அப்ப முகிலுக்குள்ளாலயும் பாக்கிற சென்டினல்-1 செய்மதிட ரேடார் படம் பாருங்க. தண்ணி கறுப்பா விழும், கோடையில எடுத்த படத்தோட ஒப்பிட்டாத்தான் குளம் எது வெள்ளம் எது எண்டு பிரிக்கலாம்.