மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சும் ஊசி மருந்தும்

மலையகத்தில் லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கறவை மாடு வளர்ப்போர், மழைக்காலத்து ஈரத் தொழுவத்தில் மடிநோய் (கிருமியால் மடி வீங்கும் நோய்) கண்டவுடன், 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து, பாலை முழுதாகக் கறந்து மடியைக் கழுவிய பின், நீர் கலந்து வெளிப்புறம் மட்டும் நாளுக்குப் பலமுறை பூசலாம். ஆனால் இது மிருக வைத்தியர் தரும் அன்டிபயோட்டிக்குக்கு மாற்றன்று. வீக்கம் வடிந்ததென்று ஊசியை இடையில் நிறுத்தினால் கிருமி மடிக்குள்ளேயே தங்கி, நோய் மீண்டும் தலைதூக்கும். காம்புத் துளைக்குள் விழுதைச் செலுத்தவே கூடாது. வைத்தியர் தரும் குழாய் மருந்தைக் காம்புத் துளை வழியே ஏற்றுமுன் பூச்சைக் கழுவிக் காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வைத்தியர் குறித்த நாட்கள் முடியும்வரை மருந்து பெற்ற மாட்டின் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கக் கூடாது. நட்டந்தான், எனினும் கன்றுக்கும் அதை ஊட்டாதிருப்பதே நல்லது.