பழைய வாக்மேன் போன் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வாக்மேன் என்ற பெயரோடு வந்த முதல் செல்போன், 2005-ல் வெளியான சோனி எரிக்சன் டபிள்யூ800. வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, ஆட்டோஃபோகஸ் உள்ள 2 மெகாபிக்சல் கேமரா, பெட்டிக்குள்ளேயே 512 எம்பி மெமரி ஸ்டிக். நோட்டிஃபிகேஷன் தொல்லை இல்லாமல் பாட்டு மட்டும் கேட்க ஒரு கருவி வேண்டும் என்று இன்றும் இதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இன்றைய போனை வாங்குகிற அதே கண்ணோடு இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதல் தவறு, போனை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது. இதில் 3.5 மி.மீ. இயர்போன் துளை கிடையாது. கீழே இருக்கும் ஃபாஸ்ட் போர்ட் என்ற அகலமான இணைப்பில்தான் சார்ஜர், யூஎஸ்பி கேபிள், இயர்போன் மூன்றும் மாட்ட வேண்டும். இதோடு வந்த அசல் இயர்போன் இரண்டு துண்டாக இருக்கும். போனில் மாட்டும், மைக் உள்ள பாதியின் முனையில் 3.5 மி.மீ. துளை உண்டு, உங்களிடம் இருக்கும் நல்ல ஹெட்போனை அதில் மாட்டிக்கொள்ளலாம். அந்த ஒரு முழ வயர் இல்லையென்றால் ஹெட்போனும் இல்லை, எஃப்எம்மும் இல்லை. ஏனென்றால் எஃப்எம்முக்கு அந்த வயர்தான் ஆன்டெனா. விற்கிறவர் “இயர்போன் எங்கேயும் கிடைக்கும் சார்” என்று சொன்னால் நம்பாதீர்கள். அதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள். புளூடூத் இயர்போன் போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்த போனில் புளூடூத் வழியாகப் பேசலாம், ஸ்டீரியோவில் பாட்டு கேட்க முடியாது.

அடுத்தது மெமரி கார்டு. அவசரத்தில் மைக்ரோ எஸ்டி வாங்கிவிடுகிறார்கள். இதற்கு வேண்டியது மெமரி ஸ்டிக் டியோ அல்லது ப்ரோ டியோ, அதாவது பிளேஸ்டேஷன் போர்ட்டபிளில் போடும் அதே அளவு கார்டு. 2 ஜிபிக்கு மேல் போக வேண்டாம்.

இடம் குறைவு என்பதால் பாட்டை எந்தத் தரத்தில் ஏற்றுகிறோம் என்பது முக்கியம். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 4 எம்பி. 512 எம்பி கார்டில் 130 பாட்டு வரை பிடிக்கும். அதையே 320-ல் ஏற்றினால் ஐம்பதைத் தாண்டினாலே பெரிது. என் கருத்தில் 192 போதும். பஸ்ஸில் போகும்போது கேட்க அதற்கு மேல் தேவையில்லை.

பலரும் கவனிக்காமல் விடுவது பாட்டுக்குள் இருக்கும் விவரக் குறிப்பு, அதாவது டேக். வாக்மேன் பிளேயர் பாட்டுகளைப் பாடகர் பெயர், பாட்டின் பெயர், பிளேலிஸ்ட் என்றுதான் பிரித்துக் காட்டும். நாமோ படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் வைத்துத்தான் பாட்டைத் தேடுவோம். இணையத்தில் இறக்கிய கோப்புகளில் பாடகர் என்ற இடத்தில் ஏதோ ஒரு வலைத்தளத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். அப்படியே ஏற்றினால் நூறு பாட்டும் ஒரே பெயரின் கீழ் குவிந்துவிடும். ஜாய்ஸ்டிக்கை அழுத்தி அழுத்தியே விரல் நோகும். கணினியில் உட்கார்ந்து, பாடகர் கட்டத்தில் படத்தின் பெயரையோ இசையமைப்பாளர் பெயரையோ எழுதிவிட்டு ஏற்றுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. தமிழ் எழுத்து சரியாக வரும் என்று நம்பி உழைப்பை வீணாக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதற்குப் போகும். போகட்டும், அப்புறம் இந்த போனைக் கையில் எடுப்பதே தனி சுகம்.

பாட்டு ஏற்றும்போது போன் அணைந்துவிட்டதே என்று பதறி யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். ஃபைல் டிரான்ஸ்ஃபர் முறையில் அது அணைவது இயல்புதான். பாதியில் பிடுங்கினால் கார்டில் உள்ளது மொத்தமும் கெட்டுப்போகலாம். கணினியில் முறையாக வெளியேற்றிவிட்டுக் கழற்றுங்கள்.

சிம் போட்டுப் பேசவும் வேண்டுமா? இது 2ஜி போன். ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா போன்றவற்றில் 2ஜி சிக்னல் இருக்கும் இடத்தில் பேசலாம். சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால் அங்கே இருப்பவர்களுக்கு இது வெறும் பிளேயர்தான். நானோ சிம்மை வெறுமனே செருகாமல், பெரிய அளவு சட்டத்தோடு போடுங்கள்.

கேமராவை இன்றைய போனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் படம் மங்கலாக இருக்கிறது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துகிறவர்கள். பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆகும் வரை பொறுத்து, பிறகு முழுதாக அழுத்த வேண்டும். பின்பக்கம் இருக்கும் லென்ஸ் மூடியை இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்து வாங்குங்கள். கேமரா சட்டென்று திறக்க வேண்டும். டிஜிட்டல் ஜூமைத் தொடவே வேண்டாம், நாலடி முன்னால் நடந்து போய் எடுங்கள். வீடியோ 176 x 144 புள்ளிகள்தான், அதில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

நடுவில் இருக்கும் ஜாய்ஸ்டிக்தான் இந்த மாடலின் பலவீனம். அடியில் தூசி போனால் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போகும். கடையிலேயே நான்கு திசையிலும் தள்ளி, நடுவிலும் அழுத்திப் பாருங்கள். சிக்கினால் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடக்கூடாது, தூசி இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். சரியாகவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அந்தப் பாகத்தையே மாற்றச் சொல்லுங்கள்.

பேட்டரி பிஎஸ்டி-37, 900 எம்ஏஎச். கே750, டபிள்யூ810 மாடல்களுக்கும் இதேதான். உப்பியிருந்தால் விலை பேசுவதையே நிறுத்திவிட்டு வேறு பேட்டரி கேளுங்கள். புதிதாக இருந்தபோது பாட்டு 15 மணி நேரமும், போன் பகுதியை அணைத்துவிட்டால் 30 மணி நேரமும் ஓடும் என்று நிறுவனம் சொன்னது. பழைய பேட்டரியில் அவ்வளவு வராது. அதனால்தான் போனை ஆன் செய்யும்போது திரையில் வரும் ‘மியூசிக் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். பலர் அதைப் படிக்காமலேயே தாண்டிப் போய், சிக்னல் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.