பாதியில் நின்ற பின்கதவுக் கண்ணாடி

மழை தூறும் நேரம் பார்த்து எங்கள் எஸ்யூவியின் இடது பின்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை.

முதலில் பார்த்தது, பின்கதவுக் கண்ணாடிகளை இயங்கவிடாமல் தடுக்கும் டிரைவர் பக்கத்து லாக் பட்டன். பிள்ளைகள் அதை அமுக்கிவிட்டு, நான் ஃபியூஸைத் தேடிய நாளும் உண்டு! இந்த முறை பட்டனும் சரி, ஃபியூஸும் சரி. அப்புறம் கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டார் பிளக்கை உருவிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். கண்ணாடி ஏறியது. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தேன், இறங்கியது. மோட்டார் பாவம், குற்றமற்றது.

கதவுக்கும் அது மாட்டியிருக்கும் வண்டியின் தூணுக்கும் நடுவே ஒயர்கள் போகும் ரப்பர் குழாயைப் பிரித்தேன். கதவைத் திறந்து மூடி, மடிந்து மடிந்து, ஒரு ஒயரின் செம்பு உள்ளேயே அறுந்திருந்தது. மேலுறை மட்டும் முழுசாக இருந்ததால் பார்வைக்குத் தெரியவில்லை. இழுத்தபோது ரப்பர் போல நீண்டது. புது ஒயர்த் துண்டைச் சற்றுத் தாராளமாகச் சேர்த்து, மடிப்பு விழாத இடத்தில் சால்டர் வைத்தேன். வெறும் டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகிவிடும் என்பதால் சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டினேன். கண்ணாடி ஓடும் ரப்பரில் கொஞ்சம் சிலிகான் ஸ்பிரேயும் அடித்தேன்.