சோற்றை நிறுத்தும் முன்: மாவுச்சத்துக் குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது நல்லதா என்று கேட்டால், தொண்டி முதல் சாயல்குடி வரை ராமநாதபுரம் கரையோரத்தில் இருக்கும் நம்மில் பலருக்கு நல்லதுதான். காலையில் இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, இரவு தோசை, தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு மீன் என்று மூன்று வேளையும் அரிசியாகவே போகிறது நம் சாப்பாடு. இதில் அரிசி குறைந்து மீனும் காயும் கூடினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் குறைப்பதோடு நிற்பதில்லை. சொந்தக்காரப் பையன் பேலியோவில் (தானியத்தை அறவே விட்டு மீன், இறைச்சி, முட்டை, காய் என்று சாப்பிடும் டயட்) இளைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், மறுநாளே சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அவன் வயது வேறு, அவன் போடும் மாத்திரை வேறு.

அந்த மாத்திரையில்தான் உயிருக்கே ஆபத்தான தவறு இருக்கிறது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. சோற்றை நிறுத்திவிட்டு அவற்றைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். கை நடுங்கும், சட்டை நனைய வியர்க்கும், பேச்சு குழறும். வீட்டில் என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சுகர் பார்க்கலாம். பாம்பனிலிருந்து வல்லத்தில் (நாட்டுப்படகில்) கடலுக்குப் போனவருக்கு இப்படி வந்தால், வெயிலில் வேர்க்கிறது என்றுதான் கூட இருப்பவர் நினைப்பார். இந்த மாத்திரை போடுகிறவர் தொழிலுக்குப் போகும்போது குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றாவது மடியில் இருக்க வேண்டும்.

கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் ரமலான் பிறக்கும் முன் டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. டயட் தொடங்கும்போது மட்டும் ஏனோ அந்த நினைப்பு வருவதில்லை.

இன்னொரு வகை மாத்திரை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். அட்டையின் பின்பக்கம் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால், அரிதாக, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் எல்லாம் இருந்தும் சுகர் மெஷினில் 200-க்குக் கீழே காட்டலாம். "சுகர் நார்மலாத்தானே இருக்கு" என்று வீட்டிலேயே படுத்திருந்தால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த மாத்திரை போடுவதையும் டயட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது, முதல் வார எடையைப் பார்த்து மயங்குவது. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போய்விடும். தராசில் இரண்டு கிலோ இறங்கியிருந்தால் அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. தண்ணீரோடு உப்பும் போவதால்தான் தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம். சித்திரை வெயிலில் கருவாடு காயப்போடுகிறவர்களுக்கும் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கும் இது இன்னும் கடுமையாக இருக்கும். சிறுநீர் பிரியும் வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் எழுந்து நிற்கும்போதே விழுந்துவிடக்கூடும்.

நீண்ட நாள் கணக்கில் மாவுச்சத்துக் குறைப்புக்கு மந்திரம் ஒன்றும் கிடையாது. 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இளைத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு தரப்பையும் சீனியையும் மைதாவையும் ஒதுக்கித்தான் சாப்பிடச் சொன்னார்கள்.

நம் ஊர்த் தவறு ஒன்று: கருப்பட்டியைக் கணக்கில் சேர்க்காதது. சோறு தொடமாட்டார், கருப்பட்டிக் காப்பி மூன்று தம்ளர் குடிப்பார். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சுகர்காரருக்குச் சீனிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கருப்பட்டியும் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் தொதல், ஒரு துண்டு என்றாலும் கணக்குத்தான். பனங்கிழங்கில் நார் இருந்தாலும் அது மாவுதான். இளநுங்கு பரவாயில்லை, பெரும்பாலும் தண்ணீர். சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல் என்பது சரி, மாவுச்சத்து ஏறக்குறைய வெள்ளையரிசி அளவுதான். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. சாதாரணமாக நாம் போட்டுக்கொள்வது 300 கிராமுக்குக் குறையாது.

சோறு இருந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். காலையில் வெண்ணெய் டீயும் நூறு பாதாமும் வேறு ஊர்க்காரர் பட்டியல். வாசலில் சூடையும் சாளையும் வந்து இறங்கும்போது அவ்வளவு காசு கொடுத்துப் பாதாம் வாங்குவது எனக்குப் புரியவில்லை. மீனிலும் மூன்று சிக்கல் உண்டு. அரிசி மாவு புரட்டிப் பொரித்தால் விட்ட மாவு திரும்பி வந்துவிடும். ஆணமாக, அதாவது குழம்பாக வைப்பதே நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும், உடனே கருவாட்டுக்குத் தாவுவோம். பிரஷர்காரருக்கு அந்த உப்பு ஆகாது. முட்டையும் கொண்டைக்கடலையும் மேல். சாளை, நெத்திலி இரண்டிலும் பியூரின் அதிகம் என்பதால் யூரிக் அமிலம் ஏறி கால் பெருவிரல் வீங்குகிறவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யாருக்கு ஆகாது? கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், முதல் வகைச் சர்க்கரைநோய் உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் மாவுச்சத்தை ஏறக்குறைய அடியோடு நிறுத்தும் கீட்டோ டயட் பக்கமே போக வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தைக் கூட்டுவதும் டாக்டர் சொன்னால்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு ஆக்கிக் கொடுக்கிறோம். பால் கொடுக்கிற அவளிடம் "தொப்பை குறையணும், சோறு வேண்டாம்" என்று சொல்வது கொடுமை. பாலுக்குப் போகும் சத்தை ஈடுகட்ட முடியாமல் அவளுக்கும் அந்தக் கீட்டோன் சிக்கல் வரக்கூடும்.

மற்றவர்கள் எவ்வளவு குறைக்கலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரைநோய் ஆய்வான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப், 2022-இல் வெளியான கட்டுரையில் 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டது. புதிதாகச் சர்க்கரைநோய் வந்தவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தைக் கூட்டினால் நோய் தணிய வாய்ப்புண்டு என்கிறது. நாம் இப்போது இருப்பது 60, 70-இல். ஆகவே சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, மீனில் ஒரு துண்டும் முருங்கைக்கீரைப் பொரியலும் கூட்டினாலே ஆரம்பத்துக்குப் போதும். தொடங்கும் முன் எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால் நான்கையும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எகிறியிருந்தால் வெண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் குறைத்து, டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.