சென்னை வானாய்வகத்தின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

இந்த வானாய்வகம் முன்பு இயங்கிய, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை மைய வளாகத்தில் இத்தேடலைத் தொடங்கலாம். அரசு அலுவலகம் என்பதால் முன்அனுமதி பெற்றுச் செல்வது நல்லது. அங்கே 15 அடி உயரமும் சுமார் 10 டன் எடையும் கொண்ட கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792ஆம் ஆண்டையும் ஆய்வகத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரையும் தாங்கிய அதில் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. விண்மீன்கள் உச்சிக்கோட்டை (வானில் வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே செல்லும் கற்பனைக் கோட்டை) கடக்கும் கணத்தைக் குறிக்கும் தொலைநோக்கி இம்மியும் அசையக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு பாரமான தூண் நடப்பட்டது.

அடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனி இந்த ஆய்வகத்துக்கு ஏன் பணம் செலவிட்டது என்று கேளுங்கள். கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் அமைத்த ஆய்வகமே இதன் தொடக்கம் என்றாலும், கம்பெனி அதை ஏற்று வளர்த்தது கப்பல்களுக்கும் நில அளவைக்கும் பயன்படும் என்பதால்தான். ஆகவே, 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணியைச் சேர்த்துப் படிக்காமல் இந்த ஆய்வகம் விளங்காது.

முதல் அலுவல்முறை வானியலாளரான கோல்டிங்ஹாமின் பணியை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அவர் கண்ட சென்னையின் தீர்க்கரேகை கிழக்கே 80 பாகை 18 கலை 30 விகலை (பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை). பாகைக்கு 4 நிமிடம் என்றால் 80 பாகைக்கு 5 மணி 20 நிமிடம். கலைக்கு 4 விநாடி என்றால் எஞ்சிய பதினெட்டரைக் கலைக்கு 74 விநாடி. கூட்டினால் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய ‘மதராஸ் நேரம்’ கிடைக்கும். பிற்கால அளவீடுகள் அவருடைய தீர்க்கரேகையைச் சில கலைகள் மேற்கே தள்ளின என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத் தலைமையில் அவருக்குப் பின்வந்தோரில் டெய்லருக்கு 11,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் அட்டவணை ஒன்றே போதிய சான்று. ஜேக்கப் 1855இல் ஓர் இரட்டை விண்மீனைக் கோள் சுற்றுவதாக அறிவித்ததைப் பலர் இன்றும் வியந்து எழுதுகிறார்கள். அது பின்னர் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

பின்னர் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கிய போக்சன் காலத்தை நிதானமாகப் படியுங்கள். 1861இல் அவர் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ‘ஆர் ரெட்டிகுலை’ என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வை விளக்கித் தமிழிலும் நூல் எழுதினார். இரவுதோறும் கண்விழித்து அளந்த உதவியாளர்களின் பெயர்கள் தலைப்புப் பக்கத்தில் கிடைப்பது அரிது என்பதால், அச்சேறிய தொகுதிகளின் முன்னுரைகளையும் ஆண்டறிக்கைகளையும் விடாமல் புரட்ட வேண்டும்.

அரசுக் கடிதங்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும், ஆய்வகத்தின் சொந்த ஏடுகளுக்குப் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தையும் அணுகுங்கள். 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியதால், அதற்குப் பிந்தைய சூரிய ஆய்வுப் பதிவுகளை அம்மலை ஆய்வகத்தின் பெயரில் தேட வேண்டும்.