சவன்னா சஃபாரி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்கும் தவறுகள்

காட்டு விலங்குகளைப் பார்க்க கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்கோ தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்கோ போக ஆசைப்படுகிற குடும்பங்களில் பல, முதலில் புரட்டுவது பள்ளி நாட்காட்டியை. கோடை விடுமுறையில் தேதி குறித்து, விமான டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் அங்கே என்ன பார்க்கலாம் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். மற்ற எல்லாத் தவறுகளும் இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் பிற்பகுதி முதல் மே வரை நீண்ட மழைக்காலம். மாராவில் பெரும்பகுதி கரிசல் மண். நல்ல மழைக்குப் பிறகு நான்கு சக்கர விசை கொண்ட வண்டிகளே அதில் புதைந்து நிற்கும். புல் உயரமாக வளர்ந்துவிட்டால், பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாது.

சவன்னா எனப்படும் இந்தப் புல்வெளியில் எந்த விலங்கு எப்போது எங்கே இருக்கும் என்பதை மழையும் புல்லும்தான் முடிவு செய்கின்றன. மாடு போலத் தோன்றும் பெரிய மான் இனமான வில்டபீஸ்டுகள் பத்து லட்சத்துக்கும் அதிகமாகவும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் ஆண்டு முழுவதும் மழையின் பின்னாலேயே ஒரு பெரிய வட்டம் அடிக்கின்றன. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை அவை செரெங்கெட்டியின் தெற்கே, இண்டுட்டு பகுதியின் குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் முளைக்கும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் மிகுதி; பால் கொடுக்கும் தாய்களுக்கு அது தேவை. அதனால்தான் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான குட்டிகள் அங்கேயே பிறக்கின்றன. மே, ஜூனில் மந்தைகள் மேற்கே குருமேட்டி ஆற்றுப் பக்கம் நகர்கின்றன. ஜூலைக்குப் பிறகு வடக்கே மாரா ஆறு. நவம்பரில் குறுகிய மழை தொடங்கியதும் மீண்டும் தெற்கு நோக்கிய நடை.

மே மாதத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை யோசிக்கலாம் என்பது என் கருத்து. அங்கே மே மாதம்தான் வறண்ட பருவத்தின் தொடக்கம். புதர்கள் இலையுதிர்க்க, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரத் தொடங்கும். முக்கியப் பாதைகள் தார்ச்சாலைகள் என்பதால் சொந்தமாக வண்டி ஓட்டியும் சுற்றலாம். விசாவுக்கு மட்டும் போதிய அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காதான் வேண்டுமென்றால், மழைக்காலத்தில் மாராவைவிட இங்கோரொங்கோரோ எரிமலைக் கிண்ணமும் செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனெராவும் மேல். அங்குள்ள சிங்கங்களும் சிறுத்தைகளும் மந்தைகளோடு ஊர்விட்டுப் போவதில்லை. கட்டணமும் கூட்டமும் அப்போது குறைவு.

அடுத்தது, ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக மட்டுமே திட்டமிடுவது. மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே மந்தை பாயும் காணொளியைப் பார்த்துவிட்டு, "ஆகஸ்டில் இரண்டு இரவு தங்கினால் போதுமா?" என்று கேட்கிறார்கள். போதாது. மந்தை கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவது வழக்கம். இன்று கடந்த கூட்டமே நாளை மறுபக்கம் திரும்பி வரலாம். குறிப்பிட்ட நாளில் கட்டாயம் காட்டுவதாக எந்த நிறுவனமாவது உறுதி சொன்னால், அந்த நிறுவனத்தைத் தவிர்ப்பது நல்லது. செலவையும் கணக்கில் எடுங்கள்: 2024 முதல் மாரா காப்பகத்துக்குள் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பலருக்குத் தெரியாத இன்னொன்று, அதே ஆறு செரெங்கெட்டியின் வட எல்லைக்குள்ளும் ஓடுகிறது. கொகாட்டெண்டே பகுதியிலிருந்தும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

வரைபடம் ஏமாற்றும் இடமும் இதுதான். மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருப்பதால், காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் இருக்கலாம் என்று தோன்றும். வில்டபீஸ்டுகளுக்கு அது முடியும், பயணிகளுக்கு முடியாது. அந்த நேரடி எல்லை வழி சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. மேற்கே இசெபானியா சோதனைச் சாவடி வழியாகச் சுற்றினால் ஏறக்குறைய ஒரு நாளே போய்விடும். நுழைவு அனுமதியும் தனித்தனி. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்துத் தரும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவில் தான்சானியா இல்லை.

ஆறு நாளில் ஐந்து பூங்கா என்று விற்கப்படும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் முடிக்கும் பஸ் பயணம் போல அது ஆகிவிடுகிறது. நைரோபியிலிருந்து மாராவுக்கே சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்கு அதைவிடக் கூடுதல். விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலையும் அந்தியும் நெடுஞ்சாலையில் கழிந்தால், மிஞ்சுவது அவை மர நிழலில் தூங்கும் நண்பகல்தான். ஆறு நாள் இருந்தால் இரண்டு இடங்கள் போதும். மூன்று இரவு ஒரே இடத்தில் தங்கும்போது நேற்றுப் பார்த்த சிங்கக் குடும்பத்தை இன்று மறுபடி தேடிப் போக முடிகிறது. எது தாய், எது துணிச்சலான குட்டி என்று தெரியத் தொடங்குகிறது. பயணத்தின் இன்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பணத்தை மிச்சம் பிடிப்பதானால் அறையில் பிடியுங்கள், வண்டியிலும் வழிகாட்டியிலும் வேண்டாம். கூரை திறக்கும் லேண்ட் குரூசரில் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா, வண்டி நமக்கு மட்டுமா, பிறரோடு பகிர்ந்தா, ஓட்டுநர் அதே பூங்காவில் எத்தனை ஆண்டு பணிபுரிகிறார் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாராவைச் சுற்றி மசாய் குடும்பங்களிடம் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற சமூகக் காப்பு நிலங்களும் உள்ளன. வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு, இரவுச் சவாரி, வழிகாட்டியோடு நடைப்பயணம் என்று காப்பகத்துக்குள் கிடைக்காதவை அங்கே கிடைக்கும். வாடகையும் அந்தக் குடும்பங்களுக்கே போகிறது.

உடல்நலத்தில் விட்டுவிடக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா சென்று இந்தியா திரும்புவோரிடம் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே தொடங்குங்கள்.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மெத்தென்ற துணிப்பையில். சக்கரம் வைத்த பெட்டி ஏறாது. கருநீல, கறுப்புத் துணிகள் செட்சே ஈக்களை இழுக்கும், அவற்றின் கடி சுரீரென்று வலிக்கும். இங்கோரொங்கோரோவின் விளிம்பு 2,200 மீட்டருக்கும் மேலே என்பதால் கம்பளி ஆடை கட்டாயம். பிளாஸ்டிக் பைகளுக்கு கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை இருக்கிறது.

சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெயர்ப் பட்டியலோடு இறங்குவதும் தவறே. நடந்து சென்று சுடுவதற்கு மிக ஆபத்தானவை எவை என்று அந்தக்கால வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) அதில் இடமே இல்லை. பகலில் வேட்டையாடும் விலங்கு என்பதால் வண்டிக் கூட்டத்தால் அதிகம் பாதிக்கப்படுவதும் அதுதான். மாராவில் நடந்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுற்றுலா குறைந்த பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் அந்தச் சராசரி வெறும் 0.2. "இன்னும் கிட்டே போ" என்று பயணி வற்புறுத்தினால், அன்பளிப்பை எண்ணி ஓட்டுநர் பாதையை விட்டு இறங்கிவிடுகிறார். எனவே முதல் நாள் காலையிலேயே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஒரு விலங்கைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து வண்டிகள் நின்றால் நாம் தள்ளியே காத்திருப்போம், குட்டிகளோடு இருக்கும் சிவிங்கிப்புலியை நெருங்க வேண்டாம், இதனால் அன்பளிப்பு ஒரு டாலர்கூடக் குறையாது.