மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பின் ஸ்கேன் கண்காணிப்பு: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு

அறுவை முடிந்த 72 மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படமே பின்வரும் எல்லா ஒப்பீடுகளுக்கும் அடித்தளம் என்பதால், அதன் குறுந்தகட்டை அறிக்கையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அச்சிட்ட ஃபிலிம் மட்டும் போதாது.

கிளையோபிளாஸ்டோமா போன்ற வீரியமான கட்டிகளுக்குப் பொதுவாக 2 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் இயன்றவரை ஒரே மையத்தில் எடுங்கள். ஒன்றரை டெஸ்லா (காந்தப் புல வலிமையின் அலகு) கருவிப் படத்தை மூன்று டெஸ்லா படத்துடன் ஒப்பிடுவது எளிதன்று. படத்தைத் தெளிவாக்க ஏற்றும் காடோலினியம் மருந்தைச் செலுத்துமுன் சிறுநீரகச் செயல்பாட்டைச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம். உடலில் பேஸ்மேக்கர், உலோகக் கிளிப் இருந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு மாறியிருந்தாலும் தெரிவியுங்கள்; ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைத்து, கட்டியே சுருங்கியதுபோல் காட்டக்கூடும்.

கதிர்வீச்சு முடிந்த முதல் 3 மாதங்களில் படத்தில் கட்டி பெருத்ததுபோல் தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம், ஏனெனில் அது சிகிச்சையின் விளைவான பொய் வளர்ச்சியாகவும் இருக்கலாம். அப்போது திசுவின் இரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்: அந்த இடத்தில் இரத்த அளவு கூடியிருந்தால் கட்டி மீண்டிருக்கும் ஐயம் வலுக்கும், குறைந்திருந்தால் கதிர்வீச்சால் திசு அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியில் கோலின் என்ற பொருள் உயர்வதும் கட்டியையே சுட்டும். எந்த ஒரு சோதனையும் தனித்து முடிவு சொல்லாது. ஐயம் தீராவிடில் கட்டி அமினோ அமிலத்தை உறிஞ்சுவதைக் காட்டும் பெட் ஸ்கேனோ, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியோ தேவைப்படலாம்.

ஏற்காட்டிலிருந்து வருவோர் முந்தைய நாளே சேலத்துக்கு இறங்கிவிடுவது நல்லது. தலைசுற்றல் உள்ளவருக்கு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளே பெரும் சோதனை. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது. புதிதாக வலிப்பு, ஓயாத வாந்தி, கை கால் தளர்ச்சி ஏற்பட்டால், குறித்த தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.